ஜினெற்றில் பதினாறு நாள்

என் கணவர் கிறிஸ்தோப்பர் மன்னாரில் பிறந்தவர் என்றதும் அவருக்குக் கடல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவருடைய அப்பா மன்னார் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். சளி பிடிக்கும் என்று மகனைக் கடற்கரைப் பக்கமே விட்டதில்லை. கடல் தெரிந்தவள் நான். குருநகரில் என் அப்பாவும் மூன்று அண்ணன்மாரும் மீன்பிடித் தொழிலுக்குப் போய் வந்தவர்கள். கடலைப் பற்றி நான் அவர்களிடம் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வேலை இல்லாமல் அங்கே போகக் கூடாது.

ஆகவே ஒரு யூன் மாதம் இவர் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அக்னெஸ், நான் ஒரு போட் வாங்கியிட்டன்" என்று சொன்னபோது, நான் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். கையில் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லமுடியாது.

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்."

மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குவது இவர் வேலை. கூட வேலை செய்த கிழவர் ஒருவர் பென்சன் எடுத்துக்கொண்டு புளோரிடாவுக்குப் போகும்போது தன் போட்டை இவர் தலையில் கட்டிவிட்டார். இருபத்தேழு அடிப் பாய்ப்படகு. உள்ளே படுக்க இடம், இரண்டு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, குனிந்தபடியே போய்க் குனிந்தபடியே வரவேண்டிய ஒரு கக்கூஸ். பின்பக்கத்தில் பெரிய நீல எழுத்தில் 'ஜினெற்' என்று பெயர். அது கிழவரின் முதல் மனைவியாம். பெயரை மாற்றினால் போட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். கோயில் முடிந்து வரும்போது எங்கள் பங்குப் பெண்கள், "அண்ணை எங்கை, ஜினெற்றோடையோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். காரில் ஏறியதும் நிறுத்திவிடுவேன்.

எங்கள் வீட்டில் போட் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவன் இருந்தான். எங்கள் ஒரே மகன் நிஷான், பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதிலிருந்து ஏரிக்கரைக் கிளப்பில் பழகி, கடைசி மூன்று கோடை விடுமுறைகளிலும் அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டப் படிப்பித்தவன். ஆனால் தகப்பன் மகனிடம் கேட்பாரா? நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் எடுத்து வந்து வாசித்தார். படம் பார்த்தார் என்று சொல்வதுதான் சரி.

ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு, மூன்று பேரும் சென்ட் லூயி ஏரியில் இருந்தோம். மேற்கே வானம் கறுத்தது. நிஷான் இரண்டு தரம் சொன்னான். "அப்பா, பாயை இறக்குவம். எஞ்சினைப் போடுவம்." இவர் காதில் வாங்கவில்லை. இது சின்ன முகில், போய்விடும் என்றார். முகில் போகவில்லை. எங்கள் மேல்தான் வந்தது. காற்று அடித்த அடியில் போட் சரிந்து, நான் கட்டிக் கொண்டுபோன மீன் கட்லட் முழுவதும் ஏரிக்குள் போனது. அப்போது என் கணவர் சுக்கானைக் கைவிட்டார். கைவிட்டுவிட்டு முழங்காலில் நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டிக் கத்தினார்.

"அந்தோனியாரே! எங்களைக் கரை சேரும்! இந்த நத்தார் லீவு முழுக்க நான் வீட்டிலை இருக்கமாட்டன், இந்தப் போட்டிலையே குடியிருப்பன், மூண்டு ராசாக்கள் திருநாள் மட்டும்!"

மடு மாதா திருவிழாவுக்குக் காட்டில் கொட்டில் போட்டுப் பத்து நாள் தங்குகிறேன் என்று நேர்த்தி வைக்கிற ஊர்க்காரர். பயத்தில் அதே பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. பதினைந்து வருடமாக மொன்றியலில் பனி அள்ளுகிற மனிதருக்கு, டிசம்பரில் இந்த ஏரி எப்படி இருக்கும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சுக்கானைப் பாய்ந்து பிடித்தவன் நிஷான். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கயிற்றை அவிழ்த்து, "அம்மா, கீழ இருங்க, தண்ணிய அள்ளுங்க" என்று எனக்குச் சொல்லி, பாயை விழுத்தி, எஞ்சினைப் போட்டு, நாற்பது நிமிடத்தில் எங்களைக் கிளப் இறங்குதுறைக்குக் கொண்டுவந்தான். இரண்டு உள்ளங்கையும் உரிந்து சிவந்திருந்தன. இவர் கரையில் குதித்துப் பலகையை முத்தமிட்டார். கரையில் நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மைக் கேட்டு வாங்கிப் பதினொரு நிமிடம் சாட்சி சொன்னார் என் கணவர். காற்று, அலை, கட்லட் எல்லாம் சொன்னார். நேர்த்தியையும் சொன்னார். முடிவில் குரல் தழுதழுக்க, "அந்த நேரம் கண்காணாத ஒரு கை வந்து சுக்கானைப் பிடிச்சது" என்றார். சனம் உருகிவிட்டது. அந்தக் கை மூன்றாவது வாங்குப் பலகையில், பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, என் பக்கத்தில் இருந்தது.

நிஷான் எழும்பி வெளியே போனான். வீட்டில் சண்டை நடந்தது. "நான்தான் கொண்டுவந்தது" என்றான் மகன். "அந்தோனியார் இல்லாட்டில் உன்னாலை ஏலுமோ?" என்றார் தகப்பன். அந்தக் கிழமையே அவன் சென்ட் லோரன்டில் இரண்டு சிநேகிதர்களோடு வாடகைக்குப் போய்விட்டான். நான் கூப்பிட்டால் போன் எடுப்பான். வீட்டுக்கு வரச் சொன்னால், "அவர் சொல்லட்டும் ஆர் கொண்டுவந்தது எண்டு, பேந்து வாறன்" என்பான். இவரிடம் சொன்னால், "அந்தோனியாருக்குக் குடுத்த நன்றியைத் திருப்பி வாங்கச் சொல்றீரோ?" என்பார். ஒரு வார்த்தைதான். இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கத்திலும் குந்திக்கொண்டு அசையமாட்டேன் என்றார்கள். எனக்கு நத்தாருக்கு, பாலன் பிறக்கிற நாளில், மகன் வீட்டில் இருக்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒக்ரோபரில் கிளப்காரர்கள் எல்லாப் போட்டையும் தண்ணீரிலிருந்து தூக்கும் நாள் வந்தது. இவர் மனேஜரிடம் போய், தன்னுடையதை மூன்று ராசாக்கள் திருநாளான சனவரி ஆறாம் திகதிவரை தண்ணீரில் விடச் சொன்னார். மனேஜர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திவிட்டு, தோளில் கை வைத்து, "மெஸ்யே கிறிஸ்தோப், ஏரி கட்டியாகிவிடும்" என்று மெதுவாகச் சொன்னார். என் கணவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். சப்பாத்து காலில்தான்.

"அக்னெஸ், ஏரி உறையும்."

"ஓமோ? எனக்கு இப்பதான் தெரியும்" என்றேன்.

நேர்த்தி நேர்த்திதானே. ஜினெற் பெரிய லொறியில் ஏறி, நாங்கள் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸுக்கு வந்து எங்கள் டிரைவேயில் இறங்கினாள். அடியில் மரக்கட்டைகள், இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க மும்மூன்று இரும்புக் கால்கள், மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரம். எங்கள் தெருவில் குளிர்காலத்துக்கு எல்லோரும் காருக்குக் கூடாரம் அடிப்பதால் தூரத்தில் இருந்து பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. கிட்ட வந்தால் பாய்மரம் வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும்.

டிசம்பர் தொடக்கத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது பொய். இவர் வீட்டிலிருந்து போட்டுக்கு மின்சார வயர் இழுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் நேர்த்தி வைச்சது மூண்டு பேருக்கும் சேர்த்தெல்லோ?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்பிடியோ சொன்னனான்?"

"ஓம். 'நானும் மனுசியும் பிள்ளையும்' எண்டெல்லோ கத்தினனீங்கள். எனக்கு வடிவாய்க் கேட்டது."

கொஞ்ச நேரம் வயரைச் சுற்றினார். பிறகு, "அப்ப அவன் வராட்டில் நேர்த்தி நிறைவேறாது" என்றார்.

"நிறைவேறாது."

"நீரே அவனுக்குச் சொல்லும். நான் சொல்லமாட்டன்."

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பொய்தான். சொல்லவில்லை. எங்கள் ஃபாதர் நல்ல மனிதர், ஆனால் கரோல் கோஷ்டியோடு வீடு வீடாக வந்து வைன் குடிக்கிறவர். நிஷானுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அது அவற்றை நேர்த்தி. நான் ஏன் வரவேணும்?"

"உன்னையும் சேர்த்தெல்லோ வைச்சவர். நீ வராட்டில் முறியும். முறிஞ்சால் அந்தோனியாருக்கு ஆர் பதில் சொல்றது?"

"போட் இப்ப எங்க நிக்குது?"

"டிரைவேயிலை."

"டிரைவேலயா? மோன் டியூ!" என்றான். அப்புறம் சிரித்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் சிரிப்பைக் கேட்டேன். "வாறன். ஆனா அவரோட கதைக்கமாட்டன்."

"கதைக்க வேண்டாம். வந்து படு."

பொய் சொன்னவள் அதற்கு விலையும் கொடுக்கவேண்டுமே. 'மனுசியும்' என்று என் வாயால்தானே சேர்த்தேன்? அவர் மட்டும் குளிரில் கிடக்க நான் சூடான வீட்டில் படுத்திருக்கவேண்டியவள். இப்போது எனக்கும் பதினாறு நாள் தீர்ப்பாகிவிட்டது.

ஃபாதரிடம் போய்ச் சட்டதிட்டம் கேட்டு வந்தார் என் கணவர். வேலைக்குப் போகலாமா? போகலாம். வீட்டு அடுப்பில் சமைத்துப் போட்டில் சாப்பிடலாமா? சாப்பிடலாம். போட் கக்கூஸின் குழாய் உறைந்துவிட்டது, வீட்டுக்குள் போய் வந்தால் நேர்த்தி முறியுமா? "அந்தோனியார் அவ்வளவு கண்டிப்பானவர் இல்லை, கிறிஸ்தோப்பர்" என்றாராம் ஃபாதர்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை காலையில் நிஷான் முதுகில் ஒரு பையோடு வந்தான். மெலிந்திருந்தான். தகப்பன் ஏணிக்கு மேலே நின்றார். இவன் கீழே நின்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏணி வழுக்கும் எண்டு அவனுக்குச் சொல்லும்."

"எனக்குக் கண் இருக்கு எண்டு சொல்லுங்க, அம்மா."

ஒருவர் காலை நீட்டினால் மற்றவர் தலையில் முட்டுகிற இடம் அது. அதற்குள் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் குடியிருப்பதை நான் அன்றுதான் கண்டேன். உப்பு ஒருவர் கையில் இருக்கும். மற்றவர் என்னிடம் கேட்பார். நான் வாங்கி நடுவால் கொடுப்பேன். மின்சார ஹீற்றர் ஓடும்போது கேத்தலைப் போட்டால் கரன்ட் நின்றுவிடும். ஆகவே தேத்தண்ணி குடிக்கிற நேரம் எல்லாம் குளிர்தான். கம்பளிக்குள் மூன்று பேரும் தொப்பியோடு இருந்தோம், மூச்சு விட்டால் புகை வந்தது. பாலன் குடிலை முன்பக்கப் பலகையில் வைத்திருந்தேன். அதற்குள் இருந்த குடும்பம் எங்களைவிட வசதியாக இருந்தது. வைக்கோலாவது இருந்ததே.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் கரோல் கோஷ்டி வரும் நாள். வாசலில் நின்று பாடிவிட்டுப் போவது எங்கள் வழக்கம் இல்லை. குடும்பம் குடியிருக்கும் இடத்துக்குள் வந்து, குடிலுக்கு முன்னால் பாடி, உட்கார்ந்து, கேக்கும் வைனும் எடுத்தால்தான் வந்தது வந்ததாகும். குடும்பம் குடியிருப்பது போட்டில் என்பதால் பாட்டும் போட்டில்தான் என்று இவர் முடிவு செய்துவிட்டார். கூடாரத்தைக்கூடக் கழற்றி வைத்தார். ஜினெற் எல்லோருக்கும் தெரியவேண்டுமாம்.

நிஷான் என்னிடம் வந்தான். "அம்மா, அவரிட்டச் சொல்லுங்க. ஒரே நேரத்தில அஞ்சு பேருக்கு மேல ஏத்த வேண்டாம். இது தண்ணியில இல்ல, கட்டையில நிக்குது. கீழ ஐஸ்."

நான் சொன்னேன்.

"மனுசர் ஏறத்தான் போட் எண்டு அவனுக்குச் சொல்லும்."

அதையும் சொன்னேன். நிஷான் உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். பதினான்கு பேரும் ஃபாதரும். முன்னால் நத்தார் பப்பா வேடத்தில் பத்திநாதர். எங்கள் பங்கின் கரோல் தலைவர் அவர். நத்தார் பப்பாவுக்கு வயிற்றில் தலையணை கட்டவேண்டிய தேவை அவருக்கு எந்த வருடமும் வந்ததில்லை. ஏணியில் அவர் ஏறும்போது கீழே இரண்டு பேர் தள்ளினார்கள், மேலே இவர் இழுத்தார். கிற்றார் ஏறியது, றபான் மேளம் ஏறியது, ஃபாதர் ஏறினார். உள்ளே இடம் இல்லாததால் மேல்தட்டில் நெருக்கியடித்து நின்று பாடினார்கள். தெருவில் நாயோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். உண்மையைச் சொல்லவேண்டும், நல்லாகத்தான் இருந்தது. பனி இலேசாகத் தூற, பாய்மரத்தில் இவர் சுற்றியிருந்த வண்ண விளக்குகள் எரிய, பதினாறு பேர் ஜினெற்றின் மேல் நின்று பாலனைத் தாலாட்டினார்கள். நான் கேக் தட்டோடு போட்டுக்குள் இறங்கும் படியில் நின்றேன். இவர் முகத்தைப் பார்த்தேன். அட்மிரல் மாதிரி நின்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மடாம் றிஷார் வெளியே வந்தார். பத்திநாதர் தன் கமராவைக் கீழே கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் தெரியும்தானே? பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். முன்னால் நின்றவர்கள் இன்னும் முன்னால் வந்தார்கள். பதினாறு பேரும் மடாம் நின்ற இடது பக்கக் கம்பியில் வந்து சாய்ந்தார்கள். நடுவில் பத்திநாதர்.

கீழே கிறீச் என்று ஒரு சத்தம். இடது பக்கத்து இரும்புக் கால் ஒன்று ஐஸில் வழுக்கியது. ஜினெற் மெதுவாக, ஒரு சாண் அளவு, சரிந்தாள். என் தட்டில் இருந்த கேக் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடாம் றிஷாரின் பக்கம் போயின. யாரோ "யேசுவே" என்று அலறினார்கள். எல்லோரும் ஓடப் பார்த்தார்கள்.

"பெர்சோன் பூஜ்! ஒருத்தரும் அசைய வேண்டாம்!"

நிஷான் உள்ளேயிருந்து காலுறையோடு வெளியே வந்து நின்றான். அவன் குரல் அவ்வளவு பெரிதாகும் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். என் கணவரின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. முழங்கால் மடியத் தொடங்கிவிட்டது. "அந்தோ..." என்று வாய் திறந்தது.

"அப்பா!" என்றான் நிஷான். "முழங்கால்ல நிக்க வேண்டாம். இங்க பாருங்க. என்னைப் பாருங்க. மெதுவா நடந்து வலது பக்கம் போய் இருங்க."

மூன்று மாதத்தில் அவன் தகப்பனோடு பேசிய முதல் பேச்சு. என்னைக் கேட்கவில்லை, நேராகச் சொன்னான். இவர் வாயை மூடினார். மகனைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து வலது பக்கம் போய் இருந்தார்.

"இப்ப பத்திநாதர் அங்கிள். அப்பாவுக்குப் பக்கத்தில. நீங்க கடைசி வரைக்கும் அங்கயே இருக்கவேணும்."

"நான் முதல் இறங்கக் கூடாதோ தம்பி?"

"நீங்க இறங்கினா மற்ற ஆக்கள் விழுவினம்."

பத்திநாதர் போய் இருந்தார். போட் கொஞ்சம் நிமிர்ந்தது. அதுவரை அந்த மனிதரின் உடம்பால் யாருக்கும் இவ்வளவு பெரிய உபகாரம் நடந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த புனிதர்களை எல்லாம் அகர வரிசையில் கூப்பிடத் தொடங்கினார். நிஷான் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நடுவுக்கு எடுத்து, பின்பக்க ஏணியால் இறக்கினான். பெண்கள், கிற்றார், ஃபாதர், றபான். மடாம் றிஷார் கீழே நின்று ஏணியைப் பிடித்தார். பிறகு நிஷான் என்னையும் இறக்கிவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தால் தானே கீழே குதித்தான்.

"அப்பா, வாங்க. பத்திநாதர் அங்கிள் அப்பிடியே இருக்கட்டும். நான் திருகிறன், நீங்க காலைப் பிடிச்சுக்கொள்ளுங்க. ஆடவிடாதீங்க."

இவர் இறங்கி வந்து பனியில் குந்தி, அந்த இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். நிஷான் ஐஸை உடைத்து, அடியில் பலகை வைத்து, திருகாணியைத் திருகினான். "இறுக்கி?" "ஓம்." "காணுமோ?" "இன்னும் கொஞ்சம்." அவ்வளவுதான் பேசினார்கள். எனக்குக் காது குளிர்ந்தது. ஜினெற் நிமிர்ந்து நின்றாள். கடைசியாக நத்தார் பப்பாவை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

எல்லோரும் டிரைவேயில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஃபாதர் தொப்பியைக் கழற்றினார்.

"கிறிஸ்தோப்பர், அந்தோனியார் ரெண்டாம் தரமும் உம்மைக் காப்பாத்திப்போட்டார்."

"வாற ஞாயிறு மைக்கிலை சொல்லவேணும், அண்ணை" என்றார் பத்திநாதர். உயிர் வந்துவிட்டது அவருக்கு.

என் கணவர் கையில் ஒட்டிய பனியைக் காற்சட்டையில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். நிஷான் குனிந்து கருவிகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். நான் மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தேன். என்ன என்று சொல்லமாட்டேன்.

"இல்லை ஃபாதர்" என்றார் இவர். "இந்த முறை அவரைக் கூப்பிட எனக்கு நேரம் கிடைக்கேல்லை. நான் வாய் திறக்க முதல் இவன் என்னைக் கூப்பிட்டிட்டான்."

மகன் பக்கம் கையைக் காட்டினார்.

"போன முறையும் இவன்தான். நான் மைக்கிலை சொன்னனெல்லே, கண்காணாத கை எண்டு? நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான். அதுதான் எனக்குக் காணேல்லை."

நிஷான் பெட்டியை மூடாமல் அப்படியே குந்தியிருந்தான்.

"அப்ப அந்தோனியார்?" என்று கேட்டார் பத்திநாதர். கேட்காமல் இருக்கமாட்டார்.

"அவர் கோவிக்கமாட்டார். அவருக்கு நன்றி சொல்ல உலகம் முழுக்கச் சனம் இருக்கு. இவனுக்கு நான் ஒருத்தன்தானே தகப்பன்."

நிஷான் எழும்பினான். மூக்கை உறிஞ்சினான், குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கேக் மிச்சம் இருக்காம்மா?" என்று கேட்டான். கேக் முழுவதும் மடாம் றிஷாரின் பனிக்குள் கிடந்தது. வீட்டுக்குள் இன்னும் இரண்டு இருந்தன. ஃபாதர் உட்பட எல்லோரையும் வீட்டுக்குள் கூட்டிப்போய், தரையில் நின்று சாப்பிட வைத்தேன்.

நத்தார் காலை, விடிந்து நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. முன்தினப் பூசைக்குப் போய் வந்த களைப்பில் மூன்று பேரும் போட்டுக்குள் கம்பளியோடு கிடந்தோம். நிஷான் முன்பக்கத்தில் குடிலுக்குப் பக்கத்தில் சுருண்டிருந்தான். நான் கேத்தலைப் போட ஹீற்றரை நிறுத்தினேன்.

"அக்னெஸ்" என்றார் இவர், கூரையைப் பார்த்தபடி. "நான் அண்டைக்கு 'நான்' எண்டு மட்டும்தான் சொன்னனான்."

என் கை கேத்தலிலேயே நின்றுவிட்டது. "என்னது?"

"நேர்த்தி. 'நான் குடியிருப்பன்' எண்டுதான் கத்தினனான். மனுசியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு நல்ல ஞாபகம்."

"அப்ப நான் சொல்லேக்கை ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்?"

"அவன் வருவான் எண்டுதான்."

முன்பக்கத்துக் கம்பளிக்குள் இருந்து குரல் வந்தது. தலை வெளியே வரவில்லை.

"எனக்கும் தெரியும்மா. நான்தானே அப்பாவுக்குப் பக்கத்தில நிண்டது. வடிவாக் கேட்டது."

"தெரிஞ்சும் ஏனடா வந்தனீ?"

"நீங்க கூப்பிட்டீங்க" என்றான்.

கண்ணைத் துடைக்கக் கம்பளியை எடுத்தேன். ஈரக் கம்பளி. நல்ல குடும்பம்! அந்தோனியார் பெயரில் நான் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று தெரிந்தே இரண்டு பேரும் இந்தக் குளிரில் வந்து படுத்திருக்கிறார்கள். என்னை வேறு மூன்று மாதம் தவிக்க விட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் கொடுத்தேன். தெருவுக்குக் கேட்டிருக்கும்.

முடித்துவிட்டு யோசித்தேன். நேர்த்தி அவருக்கு மட்டும்தான் என்றால், நான் இப்போதே ஏணியால் இறங்கி வீட்டுக்குள் போகலாம். சூடான அறை, என் கட்டில், கரன்ட் நிற்காத கேத்தல். மூன்று ராசாக்கள் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"நீர் வேணுமெண்டால் உள்ளை போய்ப் படும்" என்றார் இவர்.

"காலை அங்காலை எடுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் தேத்தண்ணிக்கு மூன்று கோப்பை எடுத்து வைத்தேன்.